பேட்டரி மாற்றுமுன் மூன்று அளவு

சென்னை ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து போரூர் சிக்னல் வரை ஊர்ந்து போகும் பைக்குகளுக்குப் பேட்டரி சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை. 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. நெரிசலில் என்ஜின் ஐடிலில் ஓடும்போது சார்ஜ் மிகக் குறைவாகவே ஏறும். செல்ஃப் தின்ற கரண்ட் திரும்பி வர அந்தத் தூரம் போதாது.

என் 150 சிசி பைக்கில் செல்ஃப் அழுத்தினால் ரிலேயின் 'டக் டக்' சத்தம் மட்டும்தான் வந்தது. புது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்குமுன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்தேன்.

முதல் அளவு, இரவு முழுக்க நின்ற வண்டியில். நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும், என்னுடையது 12.2. சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றினேன். இரண்டாவது அளவு, செல்ஃப் அழுத்தும்போது. 10 வோல்ட்டை ஒட்டியாவது நிற்க வேண்டும்; 8.4-க்கு விழுந்தது. சார்ஜ் ஏறியும் சுமை தாங்கவில்லை என்றால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

மூன்றாவது அளவுதான் முக்கியம். என்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை 4,000 ஆர்பிஎம் வரை முறுக்கினால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 14.2 வந்ததும் நிம்மதி. கிராங்க் முனையில் சுழலும் மேக்னட், ஸ்டேட்டர் காயிலில் ஏசி கரண்ட்டை உண்டாக்குகிறது. ஆர்ஆர் யூனிட் (ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர்) அதை டிசியாக மாற்றி, மிஞ்சியதைக் கட்டுப்படுத்துகிறது. 13-ஐத் தாண்டாவிட்டால் காயில், கப்ளர், ஆர்ஆர் யூனிட் மூன்றையும் பாருங்கள். கப்ளர் கருகியிருப்பது அடிக்கடி நடப்பது. 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் பழுது. அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புது பேட்டரியும் வெந்துபோகும்.

கடையில் எக்ஸைடு, அமரான் இரண்டிலும் எனக்கேற்ற அளவு இருந்தது. பிராண்டைவிட நான் பார்த்தது தயாரிப்பு மாதத்தை. பல மாதம் அலமாரியில் கிடந்த பேட்டரி தானாகவே வலுவிழக்கும். ஆம்பியர்-ஹவர் கம்பெனி சொன்னதே இருக்கட்டும். பெரிதாகப் போட்டாலும் காயில் கூடுதலாகக் கரண்ட் தராது. பிளஸ் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதையும் சரிபாருங்கள். '48 மாதம்' என்றால் அதில் இலவசமாக மாற்றித் தருவது எத்தனை மாதம், மீதியில் தள்ளுபடி மட்டும் எத்தனை மாதம் என்று கார்டில் படியுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். விலையும் குறையும், உள்ளிருக்கும் ஈயம் குப்பைமேட்டுக்கும் போகாது.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். அப்படிச் செய்தால் ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. சீல் செய்த பேட்டரி என்றால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இப்போது செல்ஃப் அழுத்தினால் 10.7-க்குக் கீழே இறங்குவதில்லை, தொட்டதும் ஸ்டார்ட். புது பேட்டரிக்கு என் மதிப்பீடு நல்லதே. ஆனால் முதலில் வாங்கச் சொல்வது மல்டிமீட்டரைத்தான். வாரம் ஒருமுறை போரூர் பைபாஸில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை மூன்றாவது அளவை எடுங்கள். சார்ஜிங் சரியாக இருக்கும்வரைதான் எந்தப் பேட்டரியும் உழைக்கும்.