கறுப்பு வெள்ளைப் படத்தின் சூடும் குளுமையும்: எப்படி ரசிப்பது?

இங்க்ஜெட்டில் அச்சான கறுப்பு வெள்ளைப் படம் கையில் கிடைத்தால் முதலில் அதன் ஓரத்தைப் பாருங்கள். மை படாத அந்த வெள்ளை எப்படி இருக்கிறது? நீலம் போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்றா, பால் நிறத்திலா, தந்தம்போல மங்கலாகவா? புகைப்பட பிரிண்டர்களில் பொதுவாக வெள்ளை மை கிடையாது. நெற்றித் திருநீறும், 1910-இல் கட்டிய கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் குவிமாடமும், படத்தில் பளீரென்று தெரிவதெல்லாம் தாளின் வெள்ளைதான். அந்த வெள்ளை என்ன நிறமோ, அதை ஒட்டித்தான் சாம்பல்களின் நிறமும் நம் கண்ணில் படும்.

அடுத்து அந்தச் சாம்பல்கள். இங்கே நம் கண்ணே நம்மை ஏமாற்றும். ஒரே படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது எந்தச் சாயலில் இருந்தாலும் கண் அதற்குப் பழகி, நிறமே இல்லை என்று எடுத்துக்கொண்டுவிடும். அதனால் தனியாக வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே படத்தின் இன்னொரு பிரிண்டைப் பக்கத்தில் வைத்தால், ஒன்று பழுப்புப் பக்கமும் மற்றது நீலப் பக்கமும் சாய்வது உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? பிக்மென்ட் கறுப்பு மையில் இருப்பது பெரும்பாலும் கரித்துகள். அதை மெல்லிசாகத் தாளில் விட்டால் பழுப்பு தட்டும். அதை நடுநிலைக்கு இழுக்கத்தான் பிரிண்டர் துளித்துளியாக நீலத்தையும் மெஜந்தாவையும் சேர்க்கிறது. ஒரு காலத்தில் சாம்பலை உருவாக்க வண்ண மைகளையே அதிகம் நம்ப வேண்டியிருந்தது. அப்படி அச்சிட்ட படம் ஒரு விளக்கில் பச்சையாகவும் இன்னொரு விளக்கில் சிவப்பு கலந்தும் தெரியும். 2005-இல் எப்சன் நிறுவனம் கறுப்பு, சாம்பல், மென்சாம்பல் என்று மூன்று கறுப்பு மைகளை ஒரே பிரிண்டரில் வைத்து, கறுப்பு வெள்ளைக்கென்றே தனி முறையும் கொடுத்த பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. நியூட்ரல், கூல், வார்ம், செபியா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வண்ணவட்டமும் இருக்கும். அதன் நடுப்புள்ளியை மஞ்சள்-சிவப்புப் பக்கம் ஒரு நூல் நகர்த்தினாலே போதும், படத்தின் குணம் மாறிவிடும். இன்னும் நுணுக்கம் தேடுகிறவர்கள் ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளுக்கோ, ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி மைகளுக்கோ போகிறார்கள். நிழலுக்கு ஒரு சாயல், வெளிச்சத்துக்கு வேறொரு சாயல் என்று அவற்றில் பிரித்தே கொடுக்கலாம்.

நம் ஆட்களின் படங்களில் இதை ரசிக்க முகத்தைப் பாருங்கள். கறுத்த தோலைக் குளிர்ந்த சாயலில் அச்சிட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். உயிர் போய்விடும். இடைப்பட்ட சாம்பல்களில் லேசான வெம்மை இருந்தால் கன்னத்துக்கும் கழுத்துக்கும் ஆழம் வரும். ஒரு பால்மரத் தொழிலாளியின் காலை நேரப் படம் என்றால், கன்ன எலும்பில் மின்னும் வியர்வை தாளின் வெள்ளையாகவே நிற்க வேண்டும், கண்மணி கறுப்பாகவே இருக்க வேண்டும், வெம்மை இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் ஓட வேண்டும். அளவு மீறினால் எல்லோரும் ஒரே பழுப்பாகி, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே தோலில் இருந்த வித்தியாசம்கூட அழிந்துவிடும்.

அதனால்தான் செபியா மோகம் எனக்கு வருத்தம் தருகிறது. தோட்டத்து லயத்தின் முன்னால் தாத்தா நிற்கும் பழைய படத்தைப் புதிதாக அச்சிடக் கொடுத்தால், கேட்காமலே பழுப்பாக்கித் தருகிறார்கள். 1950-களின் ஸ்டூடியோ படங்கள் பெரும்பாலும் வெள்ளி ஜெலட்டின் பிரிண்டுகள். சரியாகக் கழுவாமல் தாளில் தங்கிய ஹைப்போ ரசாயனமும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்துதான் பலவற்றை மஞ்சளாக்கின. அந்த மஞ்சளை நகலெடுத்தால் தாத்தாவின் படத்தை விட்டுவிட்டு அதற்கு வந்த நோயை அச்சிட்டதாக ஆகும். வேண்டுமென்றே செபியா ஏற்றிய பழைய படங்களும் உண்டு. அவற்றில் வெள்ளி சல்பைடாக மாறியிருக்கும், படமும் அதிக காலம் நிற்கும். அடையாளம் காண ஒரு வழி: செபியா ஏற்றிய படத்தில் நிழல்கள் சீராகப் பழுப்பாக இருக்கும், வெள்ளை சுத்தமாக இருக்கும். கெட்டுப்போன படத்தில் மஞ்சள் வெள்ளைப் பகுதியிலேயே திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும், ஓரங்கள் மங்கியிருக்கும். மலாயாவைப் படமெடுத்த ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆல்புமன் படங்களின் கதை வேறு. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட அந்த வகைப் படங்களுக்குப் பழுப்பு பிறவி நிறம். வயது அதில் மஞ்சளைக் கூட்டியிருக்கும், அவ்வளவுதான்.

சாயலைச் சூடாக்குவது நிறத்தைத் திருப்பித் தராது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸின் பழைய சுவர்களை எவ்வளவு சூடாக அச்சிட்டாலும் செங்கல்லின் சிவப்பு திரும்பாது. நிறம் வேண்டுமென்று துணிந்தவர் பினாங்குக் கலைஞர் இஸ்மாயில் ஹாஷிம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் மேல் கையாலேயே வண்ணம் தீட்டினார். அது வெளிப்படையான முடிவு, மதிக்கத்தக்கது. கறுப்பு வெள்ளையிலேயே ஊறியவர் என்றால் எரிக் பெரிஸ். இலங்கையிலிருந்து வந்து ஜொகூர் அரண்மனை ஓவியராக இருந்த ஓ. டான் பெரிஸின் மகன், நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் பணியாற்றியவர். அவர் படங்களை நேரில் காண வாய்த்தால் சாயலுக்காகவே ஒருமுறை தனியாகப் பாருங்கள்.

படத்தைக் கொஞ்சம் சாய்த்தும் பாருங்கள், தாளின் பரப்பு மேட்டா பளபளப்பா என்று தெரியும். கறுப்பின் ஆழமும் அதைப் பொறுத்ததுதான். மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6, 1.7 வரைதான் எட்டும். மினுக்கமுள்ள பரைட்டா தாளில் 2.2-ஐத் தாண்டும். எண் கூடினால் கறுப்பு ஆழம் என்று பொருள். மேட் தாளில் வெம்மையை அள்ளிப்போட்டால் நிழல் சேறாகிவிடும் என்பது என் எண்ணம். பளபளப்புத் தாளில் மை விழுந்த இடமும் விழாத இடமும் வேறு வேறு மினுக்கத்தில் தெரிந்தால் அச்சில் கவனம் போதவில்லை.

கடையில் பார்த்ததோடு விட்டுவிடாமல் படத்தைக் கடை வாசலில் இருக்கும் அஞ்சடிக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் உண்டு. பகலின் புற ஊதாக் கதிரில் அது நீலமாக ஒளிரும், வீட்டு எல்இடி விளக்கில் அடங்கிவிடும். காலப்போக்கில் அதன் சக்தியும் குறையும். குளிர்ந்த சாயலுக்காக அந்தத் தாளை நம்பியிருந்தால் சில வருடங்களில் படம் தானாகவே மஞ்சள் பக்கம் நகர்ந்துவிடும். நெடுநாள் வைத்திருக்கும் படம் என்றால் அந்த ரசாயனம் இல்லாத பருத்தித் தாளைக் கேளுங்கள்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அச்சிடக் கொடுக்கும்போது முழுப் படத்தை உடனே கேட்காதீர்கள். ஒரு முகமும் ஒரு வெள்ளைத் துணியும் வரும் பகுதியை மட்டும் நியூட்ரல், லேசான வார்ம், இன்னும் கொஞ்சம் வார்ம் என்று மூன்று துண்டுகளாக, நீங்கள் எடுக்கப்போகும் அதே தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். படம் மாட்டப்போகும் சுவரிலேயே அவற்றை ஒட்டி, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். தேர்ந்தெடுத்த துண்டின் பின்னால் தாள், மை, செட்டிங் மூன்றையும் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, அதோடு கடைக்குப் போங்கள்.