மரபும் மறுபடைப்பும்: யுரிடியம், ஹைப்பர் சென்டினல்

பழைய படைப்பொன்றைத் தழுவி எழும் புதிய படைப்பு எதனைப் பேணியது என்பதே திறனாய்வின் முதல் வினாவாகும். கணினி விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

ஆண்ட்ரூ பிரேபுரூக், கொமடோர் 64 எனும் வீட்டுக் கணினிக்காக உருவாக்கிய சுடும் விளையாட்டு யுரிடியம். 1986ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஹியூசனின் நிறுவனம் அதனை வெளியிட்டது. 64 கிலோபைட் நினைவகமே கொண்ட அக்கணினியில், சிறு விண்கலமொன்று மாபெரும் விண்கப்பல்களின் மேற்பரப்பை ஒட்டி விரைந்து, நொடியில் திரும்பி, எதிர்த்திசையிலும் பறந்தது. 2018இல் வெளிவந்த ஹைப்பர் சென்டினல் இவ்வமைப்பையே தழுவியது. ஜோனதன் போர்ட் உருவாக்கிய அதனை வெளியிட்டது ஹியூசனின் மகன் ராப் ஹியூசன் தொடங்கிய நிறுவனம்.

முன்னதற்குக் கட்டுப்பாடு கருவியால் நேர்ந்தது. பின்னதற்கு அது விரும்பி ஏற்றது. இன்று வெண்பா யாப்போரின் நிலையும் இதுவே. தளை தட்டாமை மட்டுமே கவிதையாகிவிடாது. பழங்காலப் புள்ளிப் படங்கள் மட்டுமே விளையாட்டாகிவிடா.

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்த நமக்கு 1986இல் வீட்டுக் கணினி எட்டாப் பொருள். ஆகவே, இளமை நினைவின் துணையின்றியே ஹைப்பர் சென்டினலை அணுகுகிறோம். அதன் பழைமைத் தோற்றம் நம்மிடம் எந்த ஏக்கத்தையும் எழுப்பவில்லை. விரைவின் உச்சத்தில் கலம் திரும்பும் கணத்தின் பதற்றமோ நம்மையும் பற்றிக்கொள்கிறது. யுரிடியத்திலிருந்து அது பெற்ற மெய்யான உரிமைச் சொத்து இதுவே.

மரபு தோற்றத்தில் அன்று, இயக்கத்தில் வாழ்கிறது. தோட்டங்கள் கலைந்தபின் தப்பாட்டத்தை ஆடை அணிகளால் மட்டுமே மீட்க முனைவோர் இதனைக் கருதுதல் நலம்.