எது வாங்கிட்டு வரட்டும்?

போன மாதம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, ஸ்விட்ச் வாங்கலாமா, பிஎஸ் ஃபைவ் வாங்கலாமா? நீங்கதான் இதப்பத்தியெல்லாம் எழுதுறீங்களே, சொல்லுங்க." நாளைக்குச் சொல்றேன்டா என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. இதே கேள்வியை ஒருமுறை நான் சந்தித்திருக்கிறேன், அன்று யோசிக்காமல் பதில் சொன்னேன்.

1998 டிசம்பர். சிங்கப்பூரிலிருந்து எங்கள் மாமா கூப்பிட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். "ரெண்டு பெட்டி இருக்குப்பா. ஒண்ணு ப்ளேஸ்டேஷன், இன்னொண்ணு நின்டெண்டோ. எது வாங்கிட்டு வரட்டும்?" எனக்கு அப்போது பதிமூன்று வயது, அக்காவுக்குப் பதினாறு. மாமா முந்தைய தடவை விட்டுப்போன ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கிழியும்வரை இருவரும் புரட்டியிருந்தோம். "நின்டெண்டோ சொல்லுடா, நாலு பேர் சேந்து விளையாடலாம்" என்று அக்கா பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். நான் "ப்ளேஸ்டேஷன் மாமா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அம்மா கையில் கொடுத்தேன்.

உலகமும் என்னைப் போலத்தான் தேர்ந்தெடுத்தது. ப்ளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் மூன்று கோடியே முப்பது லட்சம். ஆக, விற்பனைக் கணக்கில் கேஸ் க்ளோஸ். ஆனால் இந்த இரண்டு பெட்டிகளில் எதை எடுப்பது என்பது, விளையாட்டு என்றால் என்ன என்பதற்கான இரண்டு பதில்களில் ஒன்றை எடுப்பதாகவும் இருந்தது. அது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

இரண்டும் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டியவை. சூப்பர் நின்டெண்டோவோடு சேர்ந்து இயங்கும் சிடி டிரைவ் ஒன்றைச் செய்ய சோனியும் நின்டெண்டோவும் ஒப்பந்தம் போட்டிருந்தன. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாள் அதே கண்காட்சியில், தாங்கள் பிலிப்ஸோடு சேரப்போவதாக நின்டெண்டோ சொன்னது. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வேறு வீட்டில் தாம்பூலம் மாற்றிய கதை. சோனிக்குள் இந்தத் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கென் குட்டராகி, தனியாகவே ஒரு மெஷினைச் செய்யவைத்தார். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் வந்தது. நின்டெண்டோ 64 வர 1996 ஜூன் ஆகிவிட்டது.

நின்டெண்டோ கேட்ரிட்ஜை விடவில்லை. நம்ம ஊர் மொழியில் கேசட். எட்டு பிட் டிவி கேமில் ஊதி ஊதிச் சொருகினோமே, அந்தச் சாதி. அதில் ஒரு நியாயம் இருந்தது: கேசட்டில் காத்திருப்பே கிடையாது, சொருகினால் ஓடும். கள்ளக் காப்பி எடுப்பதும் கடினம். சிடியோ மெதுவானது, ஆனால் சுமார் 650 எம்பி கொள்ளும். நின்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கேசட்டே 64 எம்பிதான். கேசட் தயாரிக்கச் செலவும் அதிகம், கேம் கம்பெனிகள் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துக் காசைக் கட்ட வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் அவர்கள் தலையில். அதுவரை நின்டெண்டோவிலேயே வந்துகொண்டிருந்த ஃபைனல் ஃபேன்டஸி தொடரை ஸ்கொயர் நிறுவனம் ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. ஏழாம் பாகம் 1997 ஜனவரியில் மூன்று சிடிகளில் வெளியானது.

நான் ப்ளேஸ்டேஷன் கேட்டது இதற்காகத்தான். அந்தப் பத்திரிகையில் இருந்த படங்கள் சினிமா மாதிரி இருந்தன. பதிமூன்று வயதில் 'கதை' என்றால் எனக்குச் சினிமாதான். மரியோவுக்கு என்ன கதை இருக்கிறது? குதிக்கிறான், அவ்வளவுதானே.

சூப்பர் மரியோ 64-ஐ நான் முதன்முதலாக விளையாடியபோது எனக்கு முப்பது வயது. நண்பர் ஒருவர் வீட்டில், பழைய மெஷினில். ஒரு குழாயிலிருந்து மரியோ குதித்து வெளியே வருகிறான். முன்னால் ஒரு கோட்டை, புல்வெளி, மரங்கள். எதிரி யாருமே இல்லை. சீக்கிரம் போ என்று யாரும் விரட்டுவதும் இல்லை. கட்டைவிரலால் குச்சியை லேசாகச் சாய்த்தால் பதுங்கிப் பதுங்கி நடக்கிறான், முழுசாகச் சாய்த்தால் ஓடுகிறான். நான் அரைமணி நேரம் கோட்டைக்குள்ளேயே போகவில்லை. மரத்தில் ஏறினேன், குட்டிக்கரணம் போட்டேன், தண்ணீரில் விழுந்தேன். வெறும் எட்டு எம்பி. அசைவதே சந்தோஷமாக இருக்க முடியும் என்று நம்பி ஒருவர் அந்தப் புல்வெளியைச் செய்திருக்கிறார் என்று தோன்றியது. மாலையில் பள்ளி விட்டதும் காரணமே இல்லாமல் ஓடுவோமே, அது.

சரி, மரியோவில் கதை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 1998 நவம்பரில், எங்கள் மாமா போன் பண்ணுவதற்குச் சில வாரங்கள் முன்பு, நின்டெண்டோ 64-இல் ஆக்கரினா ஆஃப் டைம் வந்தது. அதில் நாயகன் சிறுவனாக ஒரு கடைத்தெருவுக்குள் நுழைகிறான். சனக்கூட்டம், கடைகள், கைகோத்து ஆடும் ஒரு ஜோடி. பிறகு ஏழு வருடம் கடந்து பெரியவனாக அதே இடத்துக்குத் திரும்பி வருகிறான். வீடுகள் இடிந்து கிடக்கின்றன. ஆட்களுக்குப் பதில் நடைப்பிணங்கள் நிற்கின்றன. யாரும் விளக்கிப் பேசுவதில்லை, நீளமான படக்காட்சி எதுவும் தேவைப்படவில்லை. நாம் நடந்த இடத்துக்கே நம்மை மறுபடி நடக்கவைத்தால் போதும். இருபது வருஷம் கழித்துச் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய கதை என்று. ஆக, கதைக்காக ப்ளேஸ்டேஷன் என்ற என் வாதம் அடிப்படையிலேயே தப்பு. கதை இரண்டிலும் இருந்தது. ப்ளேஸ்டேஷன் அதைக் காட்டிச் சொன்னது, நின்டெண்டோ நடக்கவைத்துச் சொன்னது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, காட்டிச் சொல்வதிலும் அந்த மெஷின் தன் குறைகளையே மொழியாக்கிக்கொண்டது. ரெசிடென்ட் ஈவிலில் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இருட்டில் அந்தக் கதவு மட்டும் மெல்லத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். சிடியிலிருந்து அடுத்த அறை ஏறும்வரை நேரத்தைக் கடத்தும் தந்திரம் அது. நமக்கோ அந்தச் சில விநாடிகளில்தான் வயிற்றைக் கலக்கும். சைலன்ட் ஹில்லின் பனிமூட்டமும் அப்படித்தான். தூரத்தில் இருப்பதை வரைய மெஷினுக்குச் சக்தி போதவில்லை. அந்தப் போதாமையே ஊரை மூடிய மூட்டமாகிவிட்டது.

ஃபைனல் ஃபேன்டஸி ஏழில் ஏரிஸ் கொல்லப்படும் இடம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் சாகிறாள். உடனே ஒரு சண்டை வருகிறது. ஆனால் வழக்கமான சண்டை இசை வருவதில்லை, நோபுவோ உயெமட்சு அவளுக்காக அமைத்த மெட்டே தொடர்ந்து ஒலிக்கிறது. துக்கம் கேட்கும் நேரத்திலும் விரல்கள் பட்டனை அமுக்கியாக வேண்டும். அதன்பின் சற்று நேரத்தில் இரண்டாவது டிஸ்க்கைப் போடச் சொல்கிறது மெஷின். நாம் எழுந்து போய், மூடியைத் திறந்து, ஒரு வட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டும். கதையின் பாதிதான் ஒரு தட்டில் கொள்கிறது, வேறு வழியில்லை. ஆனால் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு அது இடைவேளை. அழுத கண்ணோடு வெளிச்சத்துக்கு வந்து நிற்கிற அந்த இரண்டு நிமிடம். அதை இன்றைய மெஷின் எதிலும் நான் அனுபவிக்கவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால், என் தேர்வு தனிமைக்கான தேர்வு, அக்காவுடையது கூட்டத்துக்கான தேர்வு என்று முடித்துவிடலாம். கணக்கும் ஒத்துழைக்கிறது. நின்டெண்டோவில் நான்கு கன்ட்ரோலர் சொருகலாம், ப்ளேஸ்டேஷனில் இரண்டுதான். 1997-இல் வந்த கோல்டன்ஐயில் நாலு பேர் ஒரே திரையை நாலாகப் பிரித்துச் சுட்டுக்கொள்ளலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அக்காவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மூன்று மாதம் ஒற்றை ஆளாக ஆடிய குற்றவுணர்ச்சி இருந்தது.

ஆனால் நடந்தது அப்படி இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி ஏழில் குரலே கிடையாது. எல்லாப் பேச்சும் எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் எட்டாவது படித்த எனக்கு அது ஓடுவதற்குள் பாதி புரியாது. அக்காதான் வாசித்தாள். வாசித்து அப்படியே எங்கள் வீட்டுத் தமிழில் சொன்னாள். முரட்டு பேரட்டுக்கு எங்கள் பெரியப்பா குரல், செஃபிராத்துக்குக் கணக்கு வாத்தியார் குரல். எங்கள் பழைய டிவியில் அந்த மெஷினின் வண்ணம் வரவில்லை, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். ஏரிஸின் உடை இளஞ்சிவப்பு என்பதே எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆனால் அவள் குரல் தெரியும். அது அக்கா குரல். அந்த இரண்டாவது டிஸ்க்கை மாற்ற எழுந்தது நான் இல்லை, அவள்தான். மாற்றிவிட்டு "போதும், நாளைக்குப் பாப்போம்" என்று டிவியை அணைத்தாள்.

விமர்சகனாக இது என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஒரு மெஷினில் எத்தனை துளை இருக்கிறது என்பதை வைத்து, அதன்முன் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லமுடியாது என்றாகிறது. பெட்டி எப்படி வடிவமைக்கப்பட்டது என்பது ஒன்று, ஒரு வீடு அதை எப்படிப் பயன்படுத்தியது என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம்.

இதற்காக என் குற்றம் கழுவப்படவில்லை. மெமரி கார்டில் பதினைந்து கட்டம்தான். ஒன்றில் அக்காவின் கிராஷ் பேண்டிகூட் இருந்தது. கடைசிச் சண்டைக்கு முன் இன்னொரு சேவ் பத்திரமாக இருக்கட்டுமென்று, கேட்காமல், அதை அழித்தேன். அவள் ஒருவாரம் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த ஒருவாரம் நான் விளையாடியது ஊமைப்படம்.

மறுநாள் அக்கா பையனைக் கூப்பிட்டேன். மெகாபைட், கிராபிக்ஸ் எதையும் பேசவில்லை. "பக்கத்துல யாரு உக்காரப்போறா?" என்று கேட்டேன். "அம்மாதான், வேற யாரு" என்றான். "அப்ப அம்மாகிட்ட கேட்டு வாங்குடா." போன் கை மாறியது. அக்கா சொன்னாள்: "இதெல்லாம் நல்லாத்தான் பேசுற. என் கிராஷ் சேவ் எங்கடா?"