சிற்றூர் முதல் பேரரசு வரை: தம்பையாவின் தாய்லாந்து ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தாய்லாந்து என்றவுடன் தமிழாய்வாளராகிய நாம் முதலில் தேடுவது நம் சுவடுகளையே. தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டும் பாங்காக் அரண்மனைப் பிராமணர் ஓதிவந்த திருவெம்பாவையும் நம் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன. இத்தேடல் பயனுடையதே. எனினும் அம்மக்களின் வாழ்வை அவர்கள் நோக்கிலேயே அறிய முயன்ற தமிழர் ஒருவரை நாம் போதிய அளவு கற்கவில்லை. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா (1929–2014) அவர். அவருடைய தாய்லாந்து ஆய்வுகளின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

ஆய்வுப் பயணம்

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற தம்பையா, 1954இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் மூண்டபோது அவர் தம் மாணவர்களுடன் அப்பகுதியில் கள ஆய்வில் ஈடுபட்டிருந்தார். 1960இல் யுனெஸ்கோ வல்லுநராகத் தாய்லாந்து சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். 1997இல் பால்சான் பரிசு பெற்றார்.

சிற்றூரின் சமயம்

அவருடைய முதற் பெருநூல் ‘வடகிழக்குத் தாய்லாந்தில் பௌத்தமும் ஆவி வழிபாடுகளும்’ (1970). உடோன் தானி மாநிலத்தைச் சேர்ந்த பான் பிரான் முவான் என்னும் நெல் விளையும் சிற்றூரே அதன் களம். பௌத்தப் பிக்குகளின் சடங்குகள், ‘குவான்’ எனப்படும் உயிராற்றலை உடலுக்கு அழைக்கும் சடங்குகள், ஊர்க்காவல் ஆவிகளின் வழிபாடு, தீய ஆவிகளை ஓட்டுதல் என நால்வகைச் சடங்குகள் அங்கு ஒருங்கே நிலவின. தூய பௌத்தம் ஒருபுறம், அதில் கலந்த மூடநம்பிக்கை மறுபுறம் எனப் பிரிப்பதைத் தம்பையா ஏற்கவில்லை. நான்கும் சேர்ந்தே ஒரு முழுமை என்றார்.

இம்முழுமையை அவர் மெய்ப்பிக்கும் முறை நம் கவனத்திற்குரியது. இளைஞன் ஒரு மழைக்காலம் துறவு பூண்கிறான். அதன் புண்ணியம் பெற்றோரைச் சேர்கிறது. பின்னர் அவன் துறவு நீங்கி இல்லறம் ஏற்கிறான். அவ்வாறு மடத்தில் எழுத்தறிவு பெற்று இல்லறம் புகுந்தவர்களே முதுமையில் குவான் சடங்கை நடத்தும் தகுதி பெறுகின்றனர். அவர்கள் இளையோரின் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்துகின்றனர். இளையோர் முதியோருக்குப் புண்ணியம் ஈட்டித் தர, முதியோர் இளையோருக்கு உயிராற்றலைக் காத்துத் தருகின்றனர். பௌத்தமும் குவான் சடங்கும் தலைமுறைகளுக்கிடையிலான ஒரே கொடுக்கல் வாங்கலின் இரு முகங்கள் என்பது இங்குப் புலனாகிறது.

குவான் சடங்கை நடத்துபவரின் பெயர் ‘பிராமணன்’ என்னும் சொல்லின் திரிபாகும். ஆனால் அவர் சாதியால் பிராமணர் அல்லர், ஊர் முதியவர். நூல் கட்டும் வழக்கைக் கண்டவுடன் நம் காப்புக் கட்டுதலை நினைத்து, ‘இது நம்முடையது’ என்று முடிக்கும் ஆய்வாளர் இவ்வுண்மையைத் தவற விடுவார். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், சென்ற இடத்தில் அது என்ன பணி ஆற்றுகிறது என்பதே தம்பையா எழுப்பும் வினா.

அரசும் சங்கமும்

‘உலகை வென்றவன், உலகைத் துறந்தவன்’ (1976) என்னும் நூலில் அவர் சிற்றூரிலிருந்து பேரரசுக்கு நகர்கிறார். அசோகன் முதல் சுகோதை, அயுத்தியா வழியாக இக்காலம் வரை அரசனும் சங்கமும் ஒருவரையொருவர் சார்ந்திருந்ததை விளக்குகிறார். 1902, 1941, 1962 ஆகிய ஆண்டுகளின் சங்கச் சட்டங்கள், ஆட்சி மாறுந்தோறும் சங்கத்தின் அமைப்பும் மாறியமைக்குச் சான்றாகின்றன. மையம் ஒளிர, சுற்றிலும் சிற்றரசுகள் தத்தம் தனித்தன்மையுடன் சுழலும் மண்டல அரசமைப்பை அவர் விண்மீன் கூட்டத்துக்கு ஒப்பிட்டார். தென்கிழக்காசிய வரலாற்றைக் கற்போர் இக்கருத்தை இன்றும் எடுத்தாளுகின்றனர்.

இந்நூல் பற்றி நமக்கு ஒரு குறை உண்டு. அதே 1976ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்டுகளைக் கொல்வது பாவமன்று என்னும் கருத்தைப் புகழ்பெற்ற பிக்கு ஒருவர் அவ்வாண்டில் வெளிப்படையாகவே கூறினார். அரசும் சங்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பைத் திறம்பட விளக்கும் நூல், அவ்வமைப்பு எவர்மீது சாய்கிறது என்பதைப் போதிய அளவு வினவவில்லை. லாவோ மொழி பேசும் வடகிழக்கு மக்கள் பாங்காக்கின் ஆட்சிக்கு உட்படுத்தப்பட்ட வரலாறும் முதல் நூலில் மெல்லிய குரலிலேயே ஒலிக்கிறது.

காட்டுத் துறவிகளையும் தாயத்துகளையும் பற்றிய 1984ஆம் ஆண்டு நூல் இக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது. உலகைத் துறந்து காட்டில் தியானம் செய்யும் துறவியின் அருள், தாயத்தாக வார்க்கப்பட்டு, தலைநகரின் செல்வரையும் அதிகாரம் உடையோரையும் சென்றடைகிறது. துறவே அதிகாரத்தின் அணிகலனாகும் முரணை இந்நூல் கூர்மையாகக் காட்டுகிறது.

மீண்டும் இலங்கை

1983 வன்செயல்களுக்குப் பின் தம்பையாவின் எழுத்து தாயகம் திரும்பியது. இலங்கை இனப்பூசல் குறித்து 1986இல் ஒரு நூலும், ‘பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா?’ என்னும் நூல் 1992இலும் வெளிவந்தன. பின்னது இலங்கையில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஒற்றையாட்சித் தேசியத்துக்கு மாற்றாகப் பழைய மண்டல அரசமைப்பின் நெகிழ்வை அவர் நினைவூட்டினார். தாய்லாந்தில் கற்ற பாடமே இங்கு அளவுகோலாயிற்று. பழைய அரசுகளின் கொடுமையை இவ்வளவுகோல் குறைத்துக் காட்டக்கூடும் என்பது நம் கருத்து. ஆயினும் தம் இனம் தாக்கப்பட்ட பின்னரும் பௌத்தத்தைப் பழிக்காமல், அது எவ்வாறு அரசியலாக்கப்பட்டது என்று வினவியமை அவருடைய ஆய்வு நேர்மைக்குச் சான்றாகும்.

முடிவுரை

பிறர் சமயத்தை அதன் சிற்றூர் வழக்கங்களோடு பொறுமையாகக் கற்றவர், அச்சமயத்தின் பெயரால் தம் மக்களுக்குத் தீங்கு நேர்ந்தபோதும் நிதானம் இழக்கவில்லை. சுவடு தேடும் ஆய்விலிருந்து வாழ்வைக் கற்கும் ஆய்வுக்கு நாம் நகர வேண்டுமாயின், தம்பையாவின் நூல்கள் இந்திய ஆய்வியல் மாணவர்களின் பாடத்தில் இடம்பெறுவது இன்றியமையாதது.