கூட்டுப் பயிற்சியில் கூட்டு எங்கே?

2020 மே, ஜூன் மாதங்களில் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது இருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். காலையில் எழுந்தால் பத்துப் பதினைந்து சுட்டிகள் வந்து கிடக்கும். கூகுள் படிவத்தில் ஒரு வினாடி வினா, நாற்பது சதவீதம் எடுத்தால் மின்சான்றிதழ். கபீர்தாசரும் வரும், காசநோயும் வரும், கணினி வலைப்பின்னலும் வரும். ஒரே வாரத்தில் இருபது முப்பது சான்றிதழ் சேர்த்தவர்களை எனக்கே தெரியும். அந்தக் கூத்தைப் பற்றி எல்லோரும் நிறையச் சிரித்தாகிவிட்டது. எனக்கு இருக்கும் கேள்வி வேறு. அந்தச் சமயத்தில் மட்டும்தான் அப்படியா, இல்லை நம் ஊரில் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சேர்ந்து ஆசிரியர்களுக்கு நடத்தும் இணையப் பயிற்சிகளின் அடிப்படை அமைப்பே அந்தப் பக்கம்தான் இழுக்கிறதா?

கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பி.எட். போன்ற ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பைப் படிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடையாது. நெட், செட், முனைவர் பட்டம் எல்லாம் பெரும்பாலும் பாட அறிவையும் ஆய்வுத் திறனையும்தான் சோதிக்கின்றன. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், கடைசி வரிசைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்பதை யாரும் கற்றுத்தருவதில்லை. நமக்குப் பாடம் எடுத்தவர் எப்படி எடுத்தாரோ அப்படியே நாமும் எடுக்கிறோம், அவ்வளவுதான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை யுஜிசி தொடங்கியது. பெயர் மாறி, 2023 முதல் மாளவியா மிஷன் மையங்கள் என்கிறார்கள்.

அந்த நேரடிப் புத்தாக்கப் பயிற்சிகளுக்குப் போய்வந்த மூத்தவர்களிடம் 'அங்கே என்ன கத்துக்கிட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பேராசிரியர் என்ன உரை நிகழ்த்தினார் என்பது பெரும்பாலும் மறந்திருக்கும். விடுதி அறையில் வேறு ஊர்க் கல்லூரிக்காரரோடு பேசியது நினைவிருக்கும். டீ இடைவேளையில் 'எங்க காலேஜ்ல நாங்க இப்படிப் பண்றோம்' என்று ஒருத்தர் சொன்னது நினைவிருக்கும். பயிற்சியை இணையத்துக்கு மாற்றியபோது உரைகளை மாற்றினார்கள். டீ இடைவேளையை மாற்ற மறந்துவிட்டார்கள். என் விமர்சனத்தின் மையம் இதுதான்.

75 நிறுவனங்கள், தனித்தனியாக

2018 நவம்பரில் மத்திய அரசு 'அர்பித்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 75 நிறுவனங்களைத் தேசிய வள மையங்களாக அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துறையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மையமும் 40 மணி நேரப் பாடம் ஒன்றைத் தயாரித்து ஸ்வயம் தளத்தில் ஏற்ற வேண்டும். அதில் 20 மணி நேரம் காணொளி, மீதி 20 மணி நேரம் காணொளி அல்லாதது. முடிவில் மேற்பார்வையோடு ஒரு கணினித் தேர்வு. தேறினால், பதவி உயர்வுக்கு ஒரு புத்தாக்கப் பயிற்சி முடித்ததற்குச் சமம்.

இதன் நல்ல பக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. சிறிய ஊரில் இருக்கும் ஆசிரியர், குறிப்பாகக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண் ஆசிரியர், வாரக்கணக்கில் விடுதியில் போய்த் தங்க முடியாது. தனியார் கல்லூரியில் அத்தனை நாள் விடுப்பும் தர மாட்டார்கள். அவர்களுக்கு இது உண்மையிலேயே ஒரு கதவைத் திறந்தது.

ஆனால் 'கூட்டு' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 75 நிறுவனங்கள் சேர்ந்தன, சரி. சேர்ந்து என்ன செய்தன? வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. உனக்கு இந்தத் துறை, எனக்கு அந்தத் துறை. அது பட்டியலில் இருக்கும் கூட்டு. கற்றுக்கொள்ளும் ஆசிரியர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் இன்னொரு கல்லூரி ஆசிரியருக்கும் நடுவில் எதுவும் நடக்கவில்லை.

ஸ்வயம் பாடங்களுக்கு 'நான்கு பகுதி' இலக்கணம் ஒன்று உண்டு: காணொளி, வாசிப்பு, கலந்துரையாடல், மதிப்பீடு. காகிதத்தில் கலந்துரையாடலுக்கு நான்கில் ஒரு பங்கு. நடைமுறையில் அங்கே என்ன இருக்கும் என்று ஒரு பாடத்திலாவது சேர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 'அசைன்மென்ட் கடைசி தேதி எப்போ சார்?', 'சர்ட்டிஃபிகேட் இன்னும் வரலை'. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் இருக்கும் இடத்துக்குத்தான் கவனம் போகும். பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது.

நாமே முன்பு செய்தது

இதெல்லாம் நம் நாட்டில் முடியாது என்று யாராவது சொன்னால், மும்பை ஐஐடியின் 'பத்தாயிரம் ஆசிரியர்' திட்டத்தை நினைவுபடுத்துவேன். பேராசிரியர் டி. பி. பாடக் முன்னின்று நடத்தியது. மும்பையிலிருந்து நேரலையில் பாடம் போகும், நாடெங்கும் இருந்த தொலை மையக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள். முக்கியமான விஷயம், ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். பயிலரங்குக்கு முன்பே அவர் தனிப் பயிற்சி பெற்று வந்திருப்பார். உரை முடிந்ததும் செய்முறையை உள்ளூரில் அவர்தான் நடத்துவார். அறையில் பக்கத்து நாற்காலியில் பக்கத்துக் கல்லூரிக்காரர் இருந்தார்.

பிறகு அதே நிறுவனத்தின் கல்வித் தொழில்நுட்பத் துறையினர் ஆசிரியர்களுக்கான இணையப் பாடங்களை வடிவமைத்தபோது, கற்பவரை மையமாக வைத்த ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். காணொளியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, செய்து பார்த்துக் கற்பது, சக கற்பவர்களோடு பேசியே ஆக வேண்டிய கேள்விகளை வைப்பது, பாடத்துக்கு அப்பால் போக வழி காட்டுவது என நான்கு கூறுகள். இங்கே பேச்சு பாடத்தின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட்டது. ஆக, யோசனை நம்மிடம் இல்லாமல் இல்லை. திட்டம் பெரிதாகும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

எட்டு பேர் கொண்ட குழு

2013இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஸ்ஸி நெரான்ட்ஸியும் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த லார்ஸ் ஊலினும் சேர்ந்து, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த இணையப் பாடத்தை நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 2014இல் 'திறந்த வலைக் கற்றல்' என்ற பாடம் உருவானது. கரோலின்ஸ்கா, லுண்ட், லின்னேயஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தின. பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது.

இதில் காணொளி உரைகளுக்கு இடம் குறைவு. ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள். ஒரே குழுவில் வெவ்வேறு நாடு, வெவ்வேறு துறை. வகுப்பறைச் சிக்கல் ஒன்றைக் கொடுப்பார்கள். குழு காணொளி அழைப்பில் கூடிப் பேசி, தேடி, சேர்ந்து ஒன்றைச் செய்து மற்ற குழுக்களுக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தன் கற்றலைப் பற்றித் தனியே எழுதி, மற்றவர் எழுதியதற்குப் பதிலும் எழுத வேண்டும். குழுவுக்கு ஒரு வழிநடத்துநர், ஒரு துணை வழிநடத்துநர். போன முறை கற்றவர்களில் சிலர் இந்த முறை துணை வழிநடத்துநர்களாக வருவார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆசிரியர்களுக்கு இதைத் தன்னுடைய பயிற்சியாகவே கணக்கில் வைத்துக்கொள்ளும். வெளியாட்களும் சேரலாம்.

இதை அப்படியே தூக்கிக்கொண்டாட வேண்டியதில்லை. எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன. ஒன்று, இணையக் கற்றலைப் பற்றி இணையத்தில் கற்கும் பாடம் இது. கொஞ்சம் தன்னையே சுற்றிவருகிறது. வேதியியல் ஆய்வகத்தை எப்படி நடத்துவது என்று கேட்பவருக்கு உடனடியாக ஒன்றும் கிடைக்காது. இரண்டு, திறந்த பாடம் என்றாலும் ஆங்கிலமும் நல்ல இணைப்பும் வேலை நேரத்தில் ஒதுக்கிய மணிகளும் இருப்பவருக்குத்தான் அது முழுதாகத் திறந்திருக்கிறது. மூன்று, ஆள் கணக்கு. 2021-22 அரசுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உயர்கல்வி ஆசிரியர்கள் சுமார் 16 லட்சம் பேர். அதில் பத்தாயிரம் பேரை எடுத்தாலே, எட்டு எட்டாகப் பிரித்தால் 1,250 குழுக்கள். வழிநடத்த 2,500 பேர். எங்கே போவது?

இந்த மூன்றாவது குறைதான் பொதுவாக எல்லாருடைய வாயையும் அடைக்கும். ஆனால் ஆள் நம்மிடம் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல்லுக்கு நாடு முழுக்கக் கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாசிரியர், பாடத்துக்கு வழிகாட்டிகள். எட்டு வாரப் பாடம் முடித்தால் ஒரு எஃப்டிபி, பன்னிரண்டு வாரம் என்றால் ஒன்றரை எஃப்டிபி என்று ஏஐசிடிஇ கணக்கும் தயாராக இருக்கிறது. எலும்புக்கூடு முழுசா இருக்கு. சதைதான் இல்லை. பொறுப்பாசிரியரின் வேலை, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணுவதாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு பாடத்தை முடித்த நாலு பேரைச் சேர்த்து அடுத்த அணிக்கு வழிநடத்துநர் ஆக்குவது அவர் பொறுப்பு என்று எழுதிவைத்தால் போதும். கூடவே, பேச்சிலும் கூட்டு வேலையிலும் பங்கெடுத்ததற்குக் கால்பங்கு மதிப்பெண் வேண்டும்.

யார் பேசுவார்கள்?

'எட்டுப் பேரைச் சேர்த்தா நாலு பேர் சும்மா இருப்பாங்க' என்பது வழக்கமான மறுப்பு. நெரான்ட்ஸி 2017இல் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதற்கு உதவுகிறது. இத்தகைய இரண்டு பாடங்களில் கற்றவர்களிடம் நேர்காணல் செய்து, அவர்கள் கூட்டாகக் கற்பதை எப்படி அனுபவித்தார்கள் என்று பார்த்தார். சிலர் குழுவில் முழுதாக மூழ்கினார்கள். சிலர் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சேர்ந்தார்கள். இரண்டாம் வகையினரும் கற்கத்தான் செய்தார்கள். அதாவது, எல்லோரும் ஒரே அளவு பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. பேச வழி இருக்க வேண்டும்.

'நேரமில்லை' என்பது இன்னும் கனமான மறுப்பு. கோடையில் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அனுப்பப்படுபவரிடம், நாக் கோப்பு தயாரித்துக்கொண்டிருப்பவரிடம் 'வாரம் ரெண்டு மணி நேரம் கலந்துரையாடுங்க' என்றால் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது. நாக் மதிப்பீட்டில் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள் என்ற சதவீதம் கேட்கப்படுகிறது. அந்தப் பயிற்சியால் எந்த வகுப்பு எப்படி மாறியது என்று கேட்பதில்லை. கேட்காத ஒன்றுக்கு நிர்வாகம் ஏன் நேரம் ஒதுக்கப்போகிறது?

கடைசியாக, மொழி. தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. இயற்பியலில் சேரும் மாணவிக்கு முடுக்கம் தெரியும், திசைவேகம் தெரியும், நிலைமம் தெரியும். முதல் வகுப்பில் அக்சிலரேஷன், வெலாசிட்டி, இனர்ஷியா என்று கேட்டதும் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறாள். எதிரே நிற்கும் ஆசிரியர் பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, வாயால் தமிழில் விளக்கி, நடுவில் ஏதோ ஒரு பாலம் போடுகிறார். நம் கல்லூரிகளில் தினமும் நடக்கும் பெரிய கற்பித்தல் வேலை இது. சிலர் அதை அற்புதமாகச் செய்கிறார்கள். ஆனால் அதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் நான் ஒரு வகுப்பும் கேட்டதில்லை. ஸ்டாக்ஹோமிலிருந்தும் இது வராது, மும்பையிலிருந்தும் வராது. காணொளிப் பாடங்களைத் தமிழில் மொழிபெயர்த்தாலும் வராது. திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினால்தான் வரும்.

அதனால் இனி ஏதாவது ஒரு திறந்த இணையப் பயிற்சி அறிவிப்பு வந்தால் நான் மூன்றே கேள்விகள் கேட்கப்போகிறேன். இதில் நான் வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவரோடாவது பேச வேண்டியிருக்குமா? என் வகுப்பில் எதையாவது செய்து பார்த்து, திரும்பி வந்து சொல்ல வேண்டியிருக்குமா? இதை முடித்தபின் இன்னொருவருக்கு உதவும் பொறுப்பு எனக்கு வருமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அது நல்ல காணொளித் தொகுப்பாக இருக்கலாம். பார்க்கலாம், தப்பில்லை. அதற்குக் கூட்டுப் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம்.

தமிழில் இப்படி ஒரு எட்டுப் பேர் குழுவை யாராவது நடத்தியிருந்தால், நன்றாக நடந்திருந்தாலும் பாதியில் நின்றிருந்தாலும், எப்படிப் போனது என்று கீழே எழுதுங்கள். பாதியில் நின்ற கதைதான் எனக்கு அதிகம் பயன்படும்.