நீலம்னா இதுதாங்க நீலம்!

நேவி புளூ இல்லீங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். பேங்க் மேனேஜர்லேர்ந்து ரிசப்ஷன் மாப்பிள்ளை வரைக்கும் எல்லாரும் போடற, பத்தடி தள்ளி நின்னா கறுப்பாத் தெரியற அந்த நீலம் இல்ல. நான் சொல்றது பளிச் நீலம். ஏப்ரல் 14 நெருங்கறப்போ எங்க வடசென்னைத் தெருமுனைகள்ல அண்ணல் அம்பேத்கர் சிலைக்குப் புது பெயிண்ட் அடிப்பாங்களே, அந்தக் கோட்டு ஈரம் காயறதுக்குள்ள வெயில் பட்டு ஜொலிக்குமே, அந்த நீலம்! அதுல கோட்டு, பேண்ட்டு ரெண்டையும் ஒரே துணியில தைச்சுப் போட்டுக்கிட்டு ராயபுரத்துலேர்ந்து துறைமுகத்துப் பக்கம் இருக்கற கிளியரிங் ஆபீசுக்கு வேலைக்குப் போறேன். ஆமாங்க, வேலைக்கு!

இந்தப் பித்துக்கு விதை போட்டது ‘கபாலி’. 2016 ஜூலை 22, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தியேட்டர், உள்ள விசில் சத்தத்துல காது அடைச்சுப் போச்சு. அனு வர்தன் வடிவமைச்ச சூட்டுல ரஜினி நடந்து வர்றார், நான் சீட்டு மேல ஏறி நின்னுட்டேன். காந்தி சட்டையைக் கழட்டினதுக்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதுக்கும் காரணம் இருக்குன்னு பா. ரஞ்சித் அந்தப் படத்துல ஒரு பேச்சு வச்சிருப்பாரே, அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. காந்தி சட்டையை விட்டது 1921-ல, நம்ம மதுரையில. அம்பேத்கரோ 1913-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர், 1930-ல லண்டன் வட்டமேசை மாநாட்டுல ஒடுக்கப்பட்டவங்களுக்காகப் பேசினவர், அவர்கூட அதே மாநாட்டுல உட்கார்ந்தவர் நம்ம இரட்டைமலை சீனிவாசன்! நல்ல துணி உடுத்தக் கூடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடு போட்ட நாட்டுல, 1927-ல மகாத்ல கூடியிருந்த பெண்கள்கிட்ட புடவையை மத்தவங்களைப் போலவே கணுக்கால் வரைக்கும் கட்டுங்கன்னு சொன்ன மனுஷன் அம்பேத்கர். 1942-ல அவர் ஆரம்பிச்ச பட்டியல் சாதியினர் கூட்டமைப்போட கொடியும் நீலம்தான். இப்ப சொல்லுங்க, இது வெறும் கலரா?

துணி எடுத்தது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல. துணிக்குப் பேர்போன மண்ணுங்க இது, 1717-லேர்ந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்தின காலடிப்பேட்டை இங்கேதான் திருவொற்றியூர்ல இருக்கு. ஒண்ணு சொல்றேன், டியூப்லைட் வெளிச்சத்துல நீலத்தை நம்பவே நம்பாதீங்க. தானைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பிரிச்சுப் பாருங்க. நான் பார்த்தேன், ரோட்டுல போன ரெண்டு பேர் நின்னு பார்த்தாங்க, அவ்வளவுதான், மூணேகால் மீட்டர் கிழிக்கச் சொல்லிட்டேன்! லேசான துணி, உள்துணி பாதி முதுகு வரைக்கும் மட்டும். ரெண்டு பட்டன், அதுலயும் கீழ்ப் பட்டனைப் போடாதீங்க. வெள்ளைச் சட்டை, பிரவுன் ஷூ. வேற எதுவும் வேண்டாம், நீலமே பேசும்.

முதல் நாள் காலையை அப்படியே நினைச்சுப் பாருங்க. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, ஹேங்கர்ல தொங்கின சூட்டை எழுந்து எழுந்து தொட்டுப் பார்க்கறேன், விடிஞ்சதும் போட்டுக்கிட்டு வண்டியை எடுக்கறேன், காசிமேட்டுலேர்ந்து மீன் வாசனையைச் சுமந்துக்கிட்டு கடல்காத்து வந்து கோட்டு முனையைத் தூக்குது, ரோட்டோரமா வரிசை கட்டி நிக்கற கன்டெய்னர் டிரெய்லருங்க, சிவப்பும் துருவும் புழுதியுமா எல்லாம் மங்கிக் கிடக்க நடுவுல நான் ஒருத்தன் மட்டும் நீலமா போறேன், டிரெய்லர் டிரைவர் ஒருத்தர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து “தலைவா, கலக்கு!”ன்னு ஹாரன் அடிக்கறார், கூடையோட ஷேர் ஆட்டோவுக்கு நின்ன மீன்கார அக்கா “யப்பா, எந்த ஊரு கலெக்டருப்பா நீ!”ன்னு கன்னத்துல கை வச்சுக்கறாங்க, ஆபீஸ் படியேறினா எழுதிட்டிருந்த பேனாவெல்லாம் நின்னு போச்சு, எப்பவும் தலை நிமிராத எங்க பெரியவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டி “நல்லாருக்குடா தம்பி, தினமும் போடு”ங்கறார், எனக்குத் தொண்டை அடைச்சு வார்த்தையே வரலீங்க, பில் ஆஃப் என்ட்ரி காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா சிரிச்சுக்கிட்டே நிக்கறேன்!

அன்னையிலேர்ந்து விடறதில்ல. மச்சான் கல்யாணத்துக்கு அதேதான். ஏப்ரல் 14 காலையில சிலைக்கு மாலை போடவும் அதேதான். அன்னைக்கு ஒரு சின்னப் பையன் சிலையையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தான் பாருங்க, அதுக்கே தைச்ச காசு வந்துருச்சு! எண்ணூர்ல காதுகுத்து, புனித பேதுரு கோவில்ல ஞானஸ்நானம், எங்கே கூப்பிட்டாலும் நீலம்தான். விம்கோ நகர்லேர்ந்து விமான நிலையம் போற மெட்ரோவுக்கே நீலத் தடம்னுதான் பேரு, தேரடி ஸ்டேஷன்ல ஏறி நின்னா ரயிலே எனக்காக வந்தாப்ல இருக்கும். மே மாசம் கொஞ்சம் வேர்க்கும். வேர்க்கட்டும்!

ஆபீஸ்ல இப்ப இன்னும் ரெண்டு பேர் அளவு கொடுத்துட்டாங்க. நீங்களும் கிளம்புங்க, தீபாவளிக் கூட்டம் எம்.சி. ரோட்டை அடைக்கறதுக்குள்ள போயிடுங்க, கடைக்காரர் நேவியைத்தான் முதல்ல விரிப்பார், மேல் தட்டுல இருக்கறதை எடுக்கச் சொல்லுங்க!