சொல்லாது விடுத்த பாதி: பொப் நியூஹார்ட்டின் நகைச்சுவை

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இவற்றுள் எள்ளலையே படைக்கலமாகக் கொண்டு மேடையேறுவோர் பலர். ஒருவரையும் இழித்துரையாது அவையை நகைப்பிக்கலாம் என்பதற்கு அமெரிக்க நகைச்சுவையாளர் பொப் நியூஹார்ட் (1929–2024) தக்க சான்றாவார்.

சிக்காகோ நகரிற் கணக்காளராயிருந்த இவர், நண்பரொருவருடன் தொலைபேசியில் நகைச்சுவை உரையாடல்களை நிகழ்த்தி, ஒலிப்பதிவு செய்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார். நண்பர் விலகியபின் தனித்தே பேசலானார். மறுமுனையிலிருப்பவர் கூறுவது அவைக்குக் கேளாது. நியூஹார்ட்டின் விடைகளே கேட்கும். இவ்வெச்சமே அவர் கலையின் உயிர். இயல்பாயமைந்த திக்கலும் தயக்கமும் அதற்குத் துணையாயின. அத்தயக்கத்திடையே மறுமுனைப் பேச்சை அவையோர் தாமே புனைந்து கொண்டனர். 1960 இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்று, 1961 இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்குரிய கிராமி விருதையும் ஈட்டியது.

புகையிலை பற்றிய உரையாடலொன்றை நோக்குவோம். சேர் வோல்ட்டர் றாலி அப்புதுப்பொருளைப் பற்றி இங்கிலாந்திலுள்ள வணிகத் தலைவருக்குத் தொலைபேசியிற் கூறுகின்றார். இலையைச் சுருட்டி வாயில் வைத்துத் தீமூட்டுவது எனக் கேட்ட தலைவர் நகையடக்க மாட்டாது, றாலியைப் பித்தரென்றே எண்ணுகின்றார். அவையும் உடன் நகைக்கின்றது. அந்நகை ஈற்றில் யாரைச் சாருகின்றது? புகைத்தலை நாள்வழக்காகக் கொண்டோரையே. தம் பேதைமையைத் தாமே கண்டு நகைப்பவர்க்குச் சினம் எழுவதில்லை.

லெனி புரூஸ் போன்ற சமகாலத்தவரின் கூர்மை இவரிடம் இல்லை எனல் கூடும். அது முற்றும் பொய்யன்று; காலத்தின் கொடுமைகளை நேர்நின்று சாடும் துணிவை இவர் பேச்சிற் காண்டல் அரிது. ஆயினும், அன்றைய நிகழ்ச்சியைப் பற்றிய எள்ளல் பின்வருவோர்க்கு உரையின்றி விளங்காது. கேட்போர் தாமே நிறைவு செய்யும் நகையோ தலைமுறைதோறும் புதிதாகின்றது.

1972 முதல் 1978 வரை நிகழ்ந்த தொலைக்காட்சித் தொடரில் இவர் ஏற்ற பாத்திரம் ஓர் உளவியலாளர். பிறர் பேச்சைக் கேட்பதே அவர் தொழில். மேடையிற் கேளாத குரலுக்குச் செவிகொடுத்தவர்க்கு இதனினும் பொருத்தமான வேடம் வாய்த்தல் அரிது. எமி விருதோ 84 ஆம் வயதில், 2013 இலேயே கிட்டியது.

எல்லாவற்றையும் தாமே சொல்லி முடிப்பவர் அவையின் அறிவை ஐயுறுகின்றார். நியூஹார்ட் பாதியைச் சொல்லி, மீதியை அவையிடம் நம்பி ஒப்படைத்தார். அவர் பெருமை அந்நம்பிக்கையிலேயே உள்ளது.